பூவைப் பிரிக்கக் கற்பித்த பேராசிரியர்

அறிவியல் வரலாற்றில் சிலர் தம்முடைய பணியால் நினைக்கப்படுவதில்லை. வேறொருவர் வாழ்க்கையில் செய்த ஓர் உதவியால் நினைக்கப்படுகிறார்கள். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் தாவரவியல் பேராசிரியர் ஜான் ஸ்டீவன்ஸ் ஹென்ஸ்லோ அவர்களில் ஒருவர். 1831இல் பீகிள் கப்பலில் செல்லத் தகுந்தவர் என்று தம் மாணவர் சார்லஸ் டார்வினைப் பரிந்துரைத்தவர் அவர். டார்வினின் வரலாற்றைச் சொல்லும் எந்த நூலிலும் ஹென்ஸ்லோவுக்குச் சில பக்கங்கள் உண்டு. கப்பல் புறப்பட்டதும் அவர் பெரும்பாலும் கதையிலிருந்து மறைந்துவிடுவார்.

நான் அவரை டார்வின் வழியாக அறியவில்லை. பொருளியல் ஆசிரியன் என்ற முறையில், பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் வேளாண் விளைச்சல் உயர்ந்த கதையைப் படித்துக்கொண்டிருந்தேன். பாஸ்பேட் உரத் தொழிலின் தொடக்கத்தைத் தேடியபோது, அங்கே ஒரு தாவரவியல் பேராசிரியரின் பெயர் நின்றது. அவர் ஒரு கிராமத் தேவாலயத்தின் குருவாகவும் இருந்தார் என்பது வியப்பளித்தது. மேலும் படித்தபோது, விவசாயக் கூலிகளின் பிள்ளைகளுக்குத் தாவர வகைப்பாட்டைக் கற்பித்தவர் என்பதும், அதற்காகவே வண்ணச் சுவர்ப்படங்களை உருவாக்கியவர் என்பதும் தெரியவந்தன. உரத்தை விட்டுவிட்டு நான் அந்த வகுப்பறையின் பின்னால் போய்விட்டேன்.

ஹென்ஸ்லோ 1796 பிப்ரவரி 6 அன்று கென்ட் மாவட்டத்தின் ராச்செஸ்டர் நகரில் பிறந்தார். தந்தை வழக்குரைஞர். பதினொரு பிள்ளைகளில் மூத்தவர். சிறுவயதிலேயே பூச்சிகளையும் சிப்பிகளையும் சேகரித்துத் திரிந்தார். ஆப்பிரிக்கப் பயண நூலொன்றைப் படித்துவிட்டு, அந்தக் கண்டத்தின் உட்பகுதிக்குச் சென்று இயற்கையை ஆராய வேண்டும் என்று கனவு கண்டார். குடும்பம் அதற்கு இடம்கொடுக்கவில்லை. கேம்பிரிட்ஜில் கணிதம் படித்து 1818இல் பட்டம் பெற்றார். மறு ஆண்டே, ஆடம் செட்ஜ்விக் என்ற நிலவியலாளருடன் சேர்ந்து கேம்பிரிட்ஜ் தத்துவக் கழகத்தைத் தோற்றுவித்தார். 1822இல் கனிமவியல் பேராசிரியர். 1825இல் தாவரவியல் பேராசிரியர்.

தாவரவியல் இருக்கை அப்போது பெயரளவில் மட்டுமே இருந்தது. அவருக்கு முன் அதில் இருந்த தாமஸ் மார்ட்டின் அறுபது ஆண்டுகளுக்கு மேல் அப்பதவியை வகித்தவர். அவற்றுள் கடைசிப் பல ஆண்டுகள் விரிவுரையே நிகழ்த்தவில்லை. நகரின் நடுவே இருந்த பழைய தாவரத் தோட்டம் சுருங்கிக் கிடந்தது. இந்நிலையில் இளம் ஹென்ஸ்லோ பொறுப்பேற்றார். கனிமவியலிலிருந்து வந்த அவருக்குத் தாவரவியல் ஆழமாகத் தெரியாது என்று கருதியவர்கள் உண்டு. அவர் புதிதாகக் கற்றுக்கொண்டே கற்பித்தார். அதனால்தானோ என்னவோ, கற்பவனின் இடர்ப்பாடு எங்கே இருக்கிறது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

அவருடைய விரிவுரைக் கூடத்தில் மூன்று புதுமைகள் இருந்தன. முதலாவது, பின்வரிசையில் இருப்பவனுக்கும் தெரியும்படி பெரிதாக வரைந்து வண்ணம் தீட்டிய படங்கள். இரண்டாவது, ஒவ்வொரு மாணவர் முன்பும் உண்மையான செடிகள். அவர்கள் அவற்றைத் தாமே பிரித்துப் பார்க்க வேண்டும். மூன்றாவது, வகுப்பு முழுவதும் வயல்வெளிகளுக்கும் சதுப்பு நிலங்களுக்கும் செல்லும் உலாக்கள். பேராசிரியர் பேசுவதும் மாணவர் கேட்பதுமே கல்வி என்றிருந்த காலத்தில் இவை சாதாரணமானவை அல்ல.

இந்தக் கூடத்துக்குத்தான் இளைஞர் டார்வின் வந்தார். மூன்று ஆண்டுகள் அதே விரிவுரைகளைத் திரும்பத் திரும்பக் கேட்டார். மாலை நடைகளில் பேராசிரியருடன் அவரை அடிக்கடி பார்த்த கல்லூரி ஆசிரியர்கள் சிலர், ஹென்ஸ்லோவோடு நடப்பவர் என்றே அவரை அடையாளம் சொல்லத் தொடங்கினர். பீகிள் வாய்ப்பு முதலில் ஹென்ஸ்லோவின் மைத்துனர் லெனார்டு ஜெனின்ஸுக்கு வந்தது, அவர் மறுத்தார். ஹென்ஸ்லோவுக்கே போக ஆசை இருந்தது. மனைவியின் முகவாட்டத்தைக் கண்டு அவரும் விலகினார். சிறுவயதுப் பயணக் கனவு இரண்டாம் முறையும் கைகூடவில்லை. அந்த இடம் மாணவருக்குப் போனது.

ஹென்ஸ்லோ மாணவர்களுக்குக் காட்டிய இன்னொன்றும் குறிப்பிடத்தக்கது. அவர் பிரிட்டனின் செடிகளை உலர்த்தி ஒட்டிய தாள்கள் 3,600க்கும் மேல். அவற்றில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட செடிகள் உள்ளன. ஓர் இனத்துக்கு ஒரு மாதிரி போதும் என்று அவர் நினைக்கவில்லை. ஒரே இனத்தைச் சேர்ந்த பல செடிகளை, உயரமும் இலையும் பூவும் வேறுபடும்படி ஒரே தாளில் வரிசையாக ஒட்டிவைத்தார். ஓர் இனத்தின் எல்லை எதுவரை என்று அறிவதே அவர் நோக்கம். இனங்கள் மாறாதவை என்று நம்பிய அந்த ஆசிரியரின் தாள்களில், இனத்துக்குள் இருக்கும் வேறுபாட்டைக் கவனிக்கும் பழக்கத்தை டார்வின் பெற்றார். வகைப்படுத்துதல் என்பது பெயர்ச்சீட்டு ஒட்டுவதோடு முடிவதில்லை; ஒப்பிடுவதில்தான் அது தொடங்குகிறது. இதுவே ஹென்ஸ்லோவின் கற்பித்தல் முழுவதற்கும் அடித்தளம்.

கேம்பிரிட்ஜில் அவர் வாழ்க்கை வெறும் அமைதியான புலமை வாழ்க்கையாக இருக்கவில்லை. 1835இல் நகரத் தேர்தலில் வாக்காளர்களுக்குப் பணம் கொடுத்தவர்கள்மீது வழக்குத் தொடர யாரும் முன்வராதபோது, தம் பெயரில் வழக்கு நடக்கட்டும் என்றார். அதற்காகத் தெருவில் அவரைக் கூச்சலிட்டு இழித்தனர். காட்டிக்கொடுப்பவர் என்று பழிக்கும் வாசகத்தைக் கல்லூரிச் சுவரில் பெரிய எழுத்துகளில் தீட்டினர். அவர் இறந்த பின்னரும் அந்த எழுத்துகளின் தடம் சுவரில் நெடுங்காலம் தெரிந்தது. தேர்தலில் பணம் பெறுவதும் கொடுப்பதும் ஒரு சமூகத்தை என்ன செய்யும் என்பதை அறிந்த நமக்கு, அந்தச் சுவர் எழுத்து அவருக்கு அளிக்கப்பட்ட நற்சான்றிதழாகவே தோன்றும்.

1837இல் சஃபோக் மாவட்டத்தின் ஹிட்சம் என்ற கிராமத்துக்கு அவர் குருவாக நியமிக்கப்பட்டார். ஆண்டுக்கு ஆயிரம் பவுண்டுக்கு மேல் வருவாய் தரும் பதவி அது. அக்காலத்தில் இத்தகைய பதவியைப் பெற்ற பலர் நகரிலேயே தங்கி, குறைந்த ஊதியத்தில் ஓர் உதவி குருவை ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். ஹென்ஸ்லோ 1839இல் குடும்பத்தோடு அங்கேயே குடியேறினார். பல்கலைக்கழகப் பதவியை விடவில்லை. ஆண்டுதோறும் சில வாரங்கள் கேம்பிரிட்ஜ் வந்து விரிவுரை நிகழ்த்திவிட்டுத் திரும்பினார். அறிவியலில் உச்சியை எட்ட வேண்டியவர் ஒரு கிராமத்தில் தம்மை வீணடிக்கிறார் என்று நண்பர்கள் வருந்தினர்.

ஹிட்சம் ஆயிரம் பேருக்குச் சற்று அதிகமாக வாழ்ந்த ஊர். பெரும்பாலோர் விவசாயக் கூலிகள். வறுமையும் எழுத்தறிவின்மையும் ஆட்சி செய்தன. ஆடு திருடுவதும் வேட்டைக்காடுகளில் திருட்டு வேட்டையாடுவதும் வழக்கம். தேவாலயம் ஏறக்குறையக் காலியாக இருந்தது. புதிய குரு முதலில் பிரசங்கத்தால் ஊரைத் திருத்த முயலவில்லை. கிரிக்கெட் ஆட்டத்துக்கு ஏற்பாடு செய்தார். தம் வீட்டுத் தோட்டத்தில் வாணவேடிக்கை நடத்தினார். ஒரு பள்ளியைத் தொடங்கி, அதன் செலவில் பெரும்பகுதியைத் தம் பையிலிருந்தே கொடுத்தார். ஆண்டுதோறும் ஊராரை ரயிலில் ஏற்றி வெளியூர்களுக்கு அழைத்துச் சென்றார். 1854இல் அவர்கள் சென்ற இடம் கேம்பிரிட்ஜ். தம் கிராமத்தின் எல்லையைத் தாண்டியறியாதவர்கள், தங்கள் குரு பேராசிரியராக இருக்கும் பல்கலைக்கழகத்தை அவரே சுற்றிக்காட்டக் கண்டார்கள்.

கூலித்தொழிலாளர் குடும்பங்களுக்குக் கால் ஏக்கர் வீதம் சிறு நிலத்துண்டுகளைக் குத்தகைக்குக் கொடுக்கவும் அவர் ஏற்பாடு செய்தார். மாலை நேரத்தில் சொந்தமாகக் காய்கறியும் கிழங்கும் விளைவித்துக்கொள்ளலாம். ஊரின் பண்ணையார்கள் இதை எதிர்த்தனர். தன் நிலத்தில் பாடுபடுபவன் தங்கள் நிலத்தில் சோர்ந்துபோவான் என்பது அவர்கள் வாதம். அத்தகைய நிலம் வைத்திருப்பவனுக்கு வேலை தருவதில்லை என்று கூடி முடிவெடுத்தனர். கூலி கொடுப்பவன் ஒருவனாகவும் வாங்குபவர் பலராகவும் உள்ள சந்தையில், வாங்குபவனுக்கு ஒரு மாற்று வழி கிடைத்தால் கொடுப்பவனின் பேரம்பேசும் வலிமை குறையும். கால் ஏக்கர் நிலம் செய்வது இதைத்தான். பண்ணையார்களுக்கு அது நன்றாகவே புரிந்திருந்தது. ஹென்ஸ்லோ பின்வாங்கவில்லை. திட்டம் நிலைத்தது.

அதே பண்ணையார்களுக்கு அவர் செய்த நன்மையும் பெரிது. 1842இல் ஃபீலிக்ஸ்டோ கடற்கரையில் விடுமுறையில் இருந்தபோது, கரையோரப் பாறையடுக்குகளில் கிடந்த கரிய உருண்டைகளை அவர் கவனித்தார். பழங்கால விலங்குகளின் எச்சம் கல்லானது என்று அவற்றைக் கருதினார். அவற்றில் பாஸ்பேட் மிகுதி என்று ஆய்வில் தெரிந்தது. இதை உரமாக்கலாம் என்று வெளிப்படையாக அறிவித்தார். சஃபோக்கிலும் கேம்பிரிட்ஜ் சுற்றுவட்டாரத்திலும் அதை வெட்டியெடுக்கும் தொழில் விரைவில் பெருகியது. சிலர் அதில் பெருஞ்செல்வம் சேர்த்தனர். ஹென்ஸ்லோ அதிலிருந்து எதுவும் ஈட்டவில்லை. உரத்தைத் தேடிப்போன நான் அவரைச் சந்தித்தது இங்கேதான்.

இனி அந்த வகுப்பறை. 1852இல் ஹிட்சம் பள்ளியில் அவர் தாவரவியல் வகுப்பைத் தொடங்கினார். கட்டாயம் இல்லை, விரும்பும் பிள்ளைகள் சேரலாம். எட்டு வயதுச் சிறுவர் முதல் பதின்வயதினர் வரை அதில் இருந்தனர். ஒரே ஒரு நுழைவு நிபந்தனை உண்டு. ஒருவித்திலைத் தாவரம், இருவித்திலைத் தாவரம் போன்றவற்றைக் குறிக்கும் நீண்ட, கடினமான சொற்கள் சிலவற்றைப் பிழையில்லாமல் எழுத்துக்கூட்டிக் காட்ட வேண்டும். பல பெரியவர்களுக்குத் தம் பெயரையே எழுதத் தெரியாத ஊரில், அவர்களின் பிள்ளைகள் கிரேக்கச் சொற்களை எழுத்துக்கூட்டினர். குழந்தைகளுக்காகச் சொற்களைச் சுருக்கவோ மழுங்கடிக்கவோ அவர் இசையவில்லை. தெளிவாகப் பொருள் தெரிந்துவிட்டால் எந்தச் சொல்லும் குழந்தைக்குக் கடினமில்லை என்பது அவர் நம்பிக்கை.

வகுப்பில் மூன்று படிநிலைகள் இருந்தன. திறமைக்கு ஏற்ப மேலே செல்லலாம். பிள்ளைகள் பள்ளிக்கு வரும் வழியில் வேலியோரத்திலும் வயல்வரப்பிலும் பூத்தவற்றைப் பறித்து வருவார்கள். பள்ளியில் பெயர் எழுதிய கண்ணாடிக் குப்பிகள் வரிசையாக இருக்கும். அன்றைக்குக் கிடைத்த செடியை அதற்குரிய குப்பியில் செருகவேண்டும். தவறான இடத்தில் செருகினால் அடுத்தவன் கண்டுபிடித்துவிடுவான். ஆண்டின் முதல் பூ எப்போது மலர்ந்தது என்பதும் குறித்துவைக்கப்படும்.

பிறகு பூவைப் பிரிக்கும் வேலை. ஒவ்வொரு பிள்ளையும் ஒரு பூவை எடுத்துப் பாகம் பாகமாகக் கழற்றி, ஓர் அட்டவணையை நிரப்பவேண்டும். அட்டவணை எளியது: புல்லி இதழ், அல்லி இதழ், மகரந்தத்தாள், சூலகம். ஒவ்வொன்றுக்கும் மூன்று கேள்விகள். எத்தனை உள்ளன? அவை தமக்குள் ஒட்டியிருக்கின்றனவா, தனித்தனியா? வேறு பாகத்தோடு ஒட்டியிருக்கின்றனவா, இல்லையா? இவ்வளவுதான். பெயரை ஊகிப்பதற்கு இடமில்லை. எண்ணிப் பார்க்காமல் கட்டத்தை நிரப்ப முடியாது.

இதன் ஆற்றலை உணரப் பட்டாணிப் பூவை எடுத்துக்கொள்ளலாம். அல்லி இதழ் ஐந்து. மகரந்தத்தாள் பத்து, அவற்றில் ஒன்பது ஒன்றாக இணைந்து குழல்போல இருக்க, பத்தாவது மட்டும் தனித்து நிற்கும். நடுவில் ஒரே சூலக இலை. அதுவே பின்னர் காயாகிறது. கடுகுப் பூவில் இதழ் நான்கு, மகரந்தத்தாள் ஆறு, அவற்றில் நான்கு நெடியவை, இரண்டு குறியவை. முட்டைக்கோசு வேறு, முள்ளங்கி வேறு என்று நினைத்திருந்த குழந்தை, அவற்றின் பூக்களிலும் இதே கணக்கைக் காணும்போது குடும்பம் என்ற சொல்லுக்குப் பொருள் புரிகிறது. டெய்சிப் பூவைப் பிரித்தால் வேறொரு வியப்பு. ஒரு பூ என்று நினைத்தது பல நுண்பூக்களின் கூட்டம். கண்ணுக்கு முதலில் தெரிந்ததை நம்பிவிடக் கூடாது என்ற பாடத்தை அக்குழந்தைக்கு யாரும் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

படங்களின் இடம் இங்கேதான் வருகிறது. அரசின் அறிவியல், கலைத் துறைக்காக ஹென்ஸ்லோ திட்டமிட்ட ஒன்பது தாவரவியல் சுவர்ப்படங்கள் 1857இல் வெளியாயின. கியூ தாவரத் தோட்டத்தின் புகழ்பெற்ற ஓவியர் வால்ட்டர் ஃபிட்ச் அவற்றை வரைந்தார். சுவிட்சர்லாந்தின் தாவரவியலாளர் காண்டோலின் இயற்கை வகைப்பாட்டைத் தழுவி, குடும்பங்களின் மாதிரிச் செடிகள் அவற்றில் வரிசைப்படுத்தப்பட்டிருந்தன. அழகான பூங்கொத்துகளை அவற்றில் எதிர்பார்க்கக் கூடாது. முழுச் செடியின் அருகே, நெடுக்காக வெட்டிய பூ, குறுக்காக வெட்டிய சூலகம், தனியே கழற்றிய மகரந்தத்தாள், பிளந்த விதை எனப் பல மடங்கு பெரிதாக்கிய உருவங்கள். கையில் உள்ள சிறு பூவில் கண் தவறவிட்டதைச் சுவர் சுட்டிக்காட்டும். சுவரில் கண்டதைச் சரிபார்க்கக் கையில் பூ இருக்கும். அவருடைய வகுப்பில் படம் பூவுக்கு மாற்றாக வைக்கப்படவில்லை. பூவுக்குள் போகும் வழியைக் காட்டும் வரைபடமாக இருந்தது.

இந்த வகுப்பின் புகழ் ஊரைத் தாண்டியது. 1856இல் தோட்டக்காரர்களுக்கான வார இதழ் ஒன்றில் இம்முறையைப் பற்றி அவர் தொடர்ந்து எழுதினார். விக்டோரியா அரசியின் இளைய பிள்ளைகளுக்குத் தாவரவியல் கற்பிக்க பக்கிங்காம் அரண்மனைக்கு அவர் அழைக்கப்பட்டார். கூலிகளின் பிள்ளைகளுக்கு என்ன முறையில், என்ன எளிமையோடு கற்பித்தாரோ அதையே அரச பிள்ளைகளுக்கும் செய்தார். அரண்மனைக்கென்று தனிப்பாடம் வைத்திருக்கவில்லை. இதை மறுபுறமிருந்து பார்ப்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது. அரசியின் பிள்ளைகளுக்குத் தகுந்த கல்வி முதலில் ஹிட்சம் கிராமத்தின் பிள்ளைகளுக்குக் கிடைத்திருந்தது.

ஏர் பிடிக்கப்போகும் சிறுவனுக்கும் வீட்டு வேலைக்குப் போகப்போகும் சிறுமிக்கும் மகரந்தத்தாளை எண்ணுவதால் என்ன பயன் என்று அன்றும் கேட்டனர். கல்வியின் பயனை வருங்கால வருமானத்தால் அளக்கும் துறையைச் சேர்ந்தவன் நான். அந்த அளவுகோலில் இவ்வகுப்பு தேறுவது கடினம். அவர்களில் பெரும்பாலோர் பெற்றோரைப் போலவே வயலுக்குப் போயிருப்பார்கள். ஹென்ஸ்லோ வேறொரு பயனை முன்வைத்தார். ஒன்றைச் சரியாகக் கவனித்தல், கவனித்ததைத் துல்லியமாகச் சொல்லுதல், சொன்னதிலிருந்து முடிவுக்கு வருதல் - இவை மூன்றும் பூவின் வழியாகக் கைவரும். கைவந்தால் எந்தத் தொழிலிலும் நிற்கும் என்பதே அவர் வாதம். தாவரவியலாளர்களை உற்பத்தி செய்ய அவர் முயலவில்லை. தன் கண்ணைத் தானே நம்பும் மனிதர்களை வளர்க்க விரும்பினார். கால் ஏக்கர் நிலம் உடலுழைப்புக்குத் தந்த சுதந்திரத்தை, அட்டவணையோடு கூடிய ஒரு பூ அறிவுக்குத் தந்தது.

இதை எழுதும்போது என்னைப் பற்றிய ஓர் உண்மையையும் சொல்லியாக வேண்டும். முப்பது ஆண்டுகளுக்கு மேல் கல்லூரியில் தேவை, அளிப்புக் கோடுகளைக் கரும்பலகையில் வரைந்தேன். இரு கோடுகளும் வெட்டும் புள்ளியில் விலை அமைகிறது என்றேன். மாணவர்கள் அளவுகோல் வைத்து அழகாக வரைந்து மதிப்பெண் பெற்றார்கள். கல்லூரியிலிருந்து பத்து நிமிட நடைதூரத்தில் காய்கறிச் சந்தை இருந்தது. அதிகாலையில் தக்காளி என்ன விலை, பொழுது சாயும்போது அதே தக்காளி என்ன விலை என்று குறித்துவரும்படி நான் ஒருநாளும் அவர்களை அனுப்பவில்லை. என் வகுப்பில் படம் இருந்தது, பூ இல்லை. ஹென்ஸ்லோவைப் படித்த பிறகே அந்தக் குறை எனக்குக் குறையாகத் தெரிந்தது. அப்போது நான் ஓய்வு பெற்றிருந்தேன்.

அவருக்கும் எல்லைகள் இருந்தன. சமூகத்தில் அவரவர்க்குரிய இடம் உண்டு என்ற தம் காலத்து நம்பிக்கையை அவர் கடந்தவர் அல்லர். உயிரினங்கள் தோன்றிய விதம் குறித்து டார்வின் முன்வைத்த கொள்கையையும் அவர் முழுமையாக ஏற்கவில்லை. ஆயினும் 1860 ஜூன் மாதம் ஆக்ஸ்ஃபோர்டில் அக்கொள்கைமீது புகழ்பெற்ற அந்த வாக்குவாதம் நடந்தபோது, கூட்டத்துக்குத் தலைமை வகித்தவர் ஹென்ஸ்லோதான். தம் மாணவரின் கருத்து நேர்மையாகக் கேட்கப்படவேண்டும் என்பதில் உறுதியாக இருந்தார். ஒரு கருத்தை ஏற்காமலேயே அதற்கு அவை கொடுக்கலாம் என்று காட்டிய ஆசிரியர் அவர். மறு ஆண்டு மே 16 அன்று ஹிட்சமில் காலமானார். அவ்வூரிலேயே அடக்கம் செய்யப்பட்டார்.

அவர் விட்டுச்சென்ற கையெழுத்துக் குறிப்புகளை அடிப்படையாகக் கொண்டு, கியூ தோட்டத்தின் டேனியல் ஆலிவர் 1864இல் தொடக்கநிலைத் தாவரவியல் நூலொன்றை எழுதினார். ஹிட்சம் பிள்ளைகள் நிரப்பிய அட்டவணை அந்நூலின் வழியே பல பள்ளிகளுக்குச் சென்றது. அதே ஆலிவர் 1869இல் இந்திய மாணவர்களுக்கென இந்தியத் தாவரவியலின் முதல் நூலை வெளியிட்டார். இந்தியத் தாவரங்களை ஏழு தொகுதிகளில் வகைப்படுத்திய ஜோசப் ஹூக்கர், ஹென்ஸ்லோவின் மருமகன். ஆக, ஒரு சஃபோக் கிராமத்துப் பள்ளியில் உருவான கற்பித்தல் முறைக்கும் நம் தாவரவியல் வகுப்புகளுக்கும் இடையே நேரான ஓர் உறவு இருக்கிறது.

அந்த உறவில் நம்மிடம் வந்து சேர்ந்தது எது, வழியில் தொலைந்தது எது? சுவர்ப்படம் வந்து சேர்ந்தது. இப்போது அது ஒளிரும் திரையாகவும் வளர்ந்துவிட்டது. செம்பருத்தியின் நெடுக்குவெட்டுத் தோற்றம் அதில் சுழன்று சுழன்று தெரிகிறது. பள்ளி வாயிலருகே பூத்திருக்கும் செம்பருத்தி மட்டும் பெரும்பாலும் பறிக்கப்படாமல் உதிர்கிறது. நம் பிள்ளைகள் பாகங்களைக் குறிக்கும் அம்புக்குறிகளை மனப்பாடம் செய்கிறார்கள், பாகங்களை எண்ணுவதில்லை.

இதற்குப் பெரும் நிதியோ புதிய திட்டமோ தேவையில்லை. செம்பருத்தி, வெண்டை, பருத்தி, பூவரசு ஆகிய நான்கின் பூக்களையும் ஒரு மேசையில் வைத்துக் குழந்தைகளிடம் கொடுங்கள். மகரந்தத்தாள்கள் ஒன்றாக இணைந்து, சூலகத்தண்டைச் சுற்றிக் குழலாக நிற்பதை நான்கிலும் அவர்களே காண்பார்கள். குழம்புக்கு வாங்கும் வெண்டைக்காயும் நிழல்தரும் பூவரசும் உறவுகள் என்று அவர்களே சொல்வார்கள். கீரைக்கடையில் கிடைக்கும் அகத்திப்பூவைப் பிரித்தால், பட்டாணியில் ஹிட்சம் பிள்ளைகள் கண்ட அதே ஒன்பதும் ஒன்றும் அதிலும் இருக்கும். அதன் பிறகு படத்தைத் திரையில் காட்டுங்கள். அப்போது அந்தப் படம் குழந்தையிடம் பேசும்.

ஹென்ஸ்லோ தம் சிறுவயதுக் கனவின்படி ஆப்பிரிக்கா போகவில்லை; பீகிள் கப்பலிலும் ஏறவில்லை. ஆயிரம் பேர் வாழ்ந்த ஒரு கிராமத்தில் இருபது ஆண்டுகளுக்கு மேல் இருந்து, அங்கிருந்த பிள்ளைகளின் கையில் ஒரு பூவையும் ஒரு வெற்று அட்டவணையையும் கொடுத்தார். ஓர் ஆசிரியர் இதைவிடப் பெரிய பயணம் போகமுடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

கட்டுரையாளர்: பொருளியல் பேராசிரியர் (ஓய்வு).